ஸ்டிக்கர் ஒட்டிய நோட்டு

என் வீட்டுக்காரர் சகாயராஜைப் பற்றி வேறு யாராவது எழுதினால் எடுத்த எடுப்பில் 'நல்ல மனுஷன்' என்று எழுதுவார்கள். நான் எழுதமாட்டேன். பன்னிரண்டு வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவளுக்குத்தானே தெரியும். நல்ல மனுஷன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்காத மனுஷன்.

ஞாயிறு காலை முதல் பூசைக்கு எங்களோடு வருவார். பூசை முடிந்து கோயில் வாசலில் நான் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே சைக்கிள் மணிச் சத்தம் கேட்கும். அவ்வளவுதான், ஆள் பல்லடம் ரோட்டில் பாதி தூரம் போயிருப்பார். நானும் மகளும் அருள்புரத்து வீட்டுக்கு நடந்து வந்து கறிக் குழம்பு வைப்போம். குழம்பு ஆறும், சூடு பண்ணுவேன், மறுபடியும் ஆறும். மகள் சாப்பிட்டுத் தூங்கிவிடுவாள். நான் மட்டும் எதற்கோ நேர்ந்துகொண்டவள் மாதிரி பசியோடு உட்கார்ந்திருப்பேன். முதலில் அழுதேன். பிறகு சண்டை போட்டேன். அதற்கும் பிறகு நானே அந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்துகொண்டேன். அதைச் சொல்கிறேன்.

திருப்பூரில் பல்லடம் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடம். வாரத்தில் ஆறு நாள் பிள்ளைகள் படிக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அது ஒரு பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி மையம். பனியன் கம்பெனியில் தைக்கிறவர்கள், மடிக்கிறவர்கள், அயர்ன் போடுகிறவர்கள், வாட்ச்மேன்கள் எல்லாரும் அங்கே வந்து பி.ஏ., பி.காம். படிப்பார்கள். கல்லூரி வாத்தியார்கள் இரண்டு மூன்று பேர் பாடம் நடத்துவார்கள். ஒருங்கிணைப்பாளர் தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்திருப்பார். வராந்தாவில், தண்ணீர்க் குழாயை ஒட்டி ஒரு மேஜை. அட்டையில் கோணல்மாணலாக 'மாணவர் உதவி மேஜை' என்று எழுதியிருக்கும். எழுதியவர் எங்கள் ஆள். மேஜையும் அவருடையது.

அவர் வாத்தியார் இல்லை. மற்ற நாட்களில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வருகிற பனியனில் ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாம் பார்க்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை அந்த மேஜையில் அவர் பார்க்கிற வேலைக்குப் பெயரே கிடையாது. விண்ணப்பம் நிரப்புவார். பணம் கட்டுகிற கடைசித் தேதியைச் சொல்லி நச்சரிப்பார். பரீட்சை அன்று லீவு தரமாட்டேன் என்கிற சூப்பர்வைசர்களைப் போய்ப் பார்த்துக் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்பார். எந்தக் கம்பெனிக்கு எந்த வாரம் ஷிப்மென்ட் என்பதையெல்லாம் ஒரு காலண்டரில் குறித்து வைத்திருப்பார். மாமியார் படிக்க விடமாட்டேன் என்றால் மாமியாரிடமும் போய்ப் பேசுவார். புதிதாக யார் வந்து நின்றாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்.

"போட்டோ மூணு கொண்டாந்தீகளா?"

கொண்டு வரவில்லை என்று தலையைச் சொறிந்தால், "அடுத்த வாரம் வாங்க" என்று மட்டும் சொல்லமாட்டார். எதிரே சுப்பையன் ஸ்டுடியோவுக்கு ஆளைத் தள்ளிக்கொண்டு போவார். "படிக்கணும்னு ஒருத்தர் வாசல் வரைக்கும் வர்றது ஒரு தடவதான் தமிழு. திருப்பி அனுப்புனா அந்தத் தைரியம் மறுபடி வராது" என்பார் என்னிடம்.

எதற்கு இந்த மனுஷனுக்கு இவ்வளவு பாடு என்று கேட்டால், அது அவர் படித்த கதை. படித்தது என்றா சொல்வது, விட்ட கதை.

சிவகங்கைப் பக்கம் அவர் ஊர். வீட்டில் பன்னிரண்டாவது தாண்டிய முதல் ஆள். தொண்ணூற்று ஒன்றில் டவுன் கல்லூரியில் சேர்ந்தார். முதல் வருஷம் இரண்டு பேப்பரில் போய்விட்டது. நோட்டீஸ் போர்டில் அவர் நம்பரைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். அதைப் பார்த்தார், விடுதிக்குப் போனார், பெட்டியைக் கட்டினார், அன்றைக்கே திருப்பூர் பஸ் ஏறிவிட்டார். ஃபெயில் என்றால் அத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டாராம். பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே. போன பேப்பரை ஆறு மாசத்தில் மறுபடி எழுதலாம், அதுவரை இரண்டாம் வருஷத்து வகுப்பில் உட்காரலாம் என்று அவருக்குத் தெரியாது. சொல்வதற்கும் யாரும் இல்லை.

ஒன்பது வருஷம் கழித்து, கம்பெனியில் கம்ப்யூட்டருக்கு வந்த ஒருவன் டீ குடிக்கும்போது, "எனக்கு ஏழு அரியர்ண்ணே, எழுதி எழுதிக் கை வலிச்சுது" என்று சிரித்திருக்கிறான். இவர் சிரிக்கவில்லை. "அரியர்னா?" என்று கேட்டிருக்கிறார். அவன் விளக்கிச் சொல்லியிருக்கிறான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "ஒரே ஒரு ஆளு தமிழு. 'டேய், இது ஒண்ணுமில்லடா, திருப்பி எழுது'ன்னு ஒரே ஒரு ஆளு சொல்லிருந்தா போதும்" என்றார். என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. அவள் போய் அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். அந்த மாசமே அவர் அந்த மையத்தைத் தேடிப் போனார். சேர்ந்து படிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். போனவர் மேஜை போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நீங்களும் சேந்து படிக்கலாமல்லங்க?" என்று வருஷா வருஷம் கேட்பேன்.

"அடுத்த வருஷம்" என்பார்.

எத்தனை பேருக்கு விண்ணப்பம் நிரப்பினார் என்று கணக்கு இல்லை. தனக்கு ஒன்று நிரப்பிக்கொள்ள அவர் கை வரவில்லை. அந்தச் சிவப்பு வட்டம் இன்னும் கண்ணுக்குள் இருந்ததோ என்னவோ.

நதியா வந்தது இரண்டாயிரத்து ஒன்றில். காரியாபட்டிப் பக்கத்துப் பெண். பன்னிரண்டாவதில் நல்ல மார்க். பதினெட்டில் கல்யாணம், கட்டிக்கொண்டு வந்த இடம் இந்த அருள்புரத்து லைன் வீடு, வரிசையாக ஒட்டிக் கட்டிய வாடகை அறைகளில் ஒன்று. ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் வேலை. பனியனை மடித்துக் கவரில் போட்டு ஒட்டுகிற வேலை. வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசமாட்டாள். அப்படிப்பட்டவள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு மேஜை முன்னால் வந்து, "பி.ஏ. வரலாறு படிக்கலாமா சார்?" என்று கேட்டிருக்கிறாள். கையில் மூன்று போட்டோவும் தயாராக வைத்திருந்தாளாம். கேட்காமலே போட்டோவை நீட்டிய ஒரே ஆள் அவள்தான் என்று இவர் என்னிடம் நாலு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் வருஷப் பரீட்சைக்கு அவள் வந்தபோது கையில் ஏழு மாசக் குழந்தை. வைத்துக்கொள்ள ஆள் இல்லை. இவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"தமிழு, செத்த வா. ஒரு பிள்ளைய மூணு மணி நேரம் வச்சுக்கணும்."

"ஏனுங்க, நானென்ன பால்வாடியா நடத்தறேன்?" என்று கேட்டேன். கேட்டுக்கொண்டேதான் கிளம்பினேன்.

போனால் ஒரு பிள்ளை இல்லை, நாலு பிள்ளை. பரீட்சை எழுத வந்தவளெல்லாம் என்னைப் பார்த்ததும் மடியில் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். வேப்ப மரத்தடியில் நாலையும் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எந்தப் பரீட்சையிலும் வராது. நதியாவின் பெண் குழந்தைக்கு அப்போதுதான் பல் முளைத்திருந்தது. என் விரலைப் பிடித்துக் கடித்துவிட்டுச் சிரித்தாள். மணி அடித்ததும் நதியா ஓடி வந்து குழந்தையை வாங்கினாள். மார்பெல்லாம் பால் நனைந்திருந்தது. "எல்லாக் கேள்வியும் எழுதிட்டேன்க்கா" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று முதல் பரீட்சை நாட்களில் வேப்ப மரத்தடி என் இடம் என்றாகிவிட்டது.

இரண்டு வருஷமும் ஒரு பேப்பர்கூடப் போகவில்லை அவளுக்கு. இவருக்குத் தலைகால் புரியவில்லை. "மூணாம் வருஷம் நாலே நாலு பேப்பர். முதல் வகுப்பு வாங்கிருவா. பட்டம் வாங்குற அன்னைக்கு நாம ரெண்டு பேரும் போயி உக்காரணும், தமிழு. முன்னால கெடச்சா முன்னால, பின்னால கெடச்சா பின்னால" என்பார். அவர் ஏறாத மேடையில் அவள் ஏறுவதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. பட்டமளிப்புக்குக் கட்டிக்கொண்டு போக நான் ஒரு சேலையை எடுத்தே வைத்துவிட்டேன்.

இந்த இடத்தில்தான் இவர் தன் புத்திசாலித்தனத்தைக் காட்டினார்.

முதலில் முப்பது நாற்பது பேர் வந்த மையத்துக்கு இரண்டாயிரத்து நான்கில் இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள். பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகிற அசைன்மென்ட் நோட்டை அனுப்புவதற்கு முன்னால் இவரிடம் ஒருதரம் காட்டுவது அங்கே வழக்கம். கேள்வி நம்பர் விட்டிருக்கிறதா, வருஷம் தப்பாக இருக்கிறதா, ஒரே பதிலை இரண்டுதரம் எழுதியிருக்கிறார்களா என்று பார்த்து, பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்வார். இருநூறு பேரை எங்கே உட்கார வைப்பது? கம்பெனியில் அவர் மேஜையில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் சுருள் சுருளாகக் கிடக்கும். பனியனில் எங்கே பழுது இருக்கிறதோ அந்த இடத்தைக் காட்டி ஒட்டுவது. தைக்கிறவர் பார்த்துச் சரி செய்து தருவார். அதில் ஒரு சுருளைக் கொண்டு வந்தார். நோட்டில் எங்கெங்கே தப்போ அங்கெல்லாம் ஒட்டினார். வாயால் சொல்ல வேண்டியதில்லை, அவரவர் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். ஒருங்கிணைப்பாளர் பாராட்டினாராம். அன்று வீட்டுக்கு வந்து இவர் பேசிய பேச்சைப் பார்க்க வேண்டுமே, ஏதோ புது மெஷின் கண்டுபிடித்த மாதிரி.

நதியாவின் நோட்டுக்கு மட்டும் தனிக் கவனிப்பு. முதல் வகுப்பு வர வேண்டுமே. சாதாரணமாக விட்டுவிடுகிற இடத்தில்கூட ஒட்டினார். என் கண் முன்னால், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்துத்தான் ஒட்டினார். கடைசியில் எண்ணிப் பார்த்தார். நாற்பத்து மூன்று.

அடுத்த ஞாயிறு நோட்டை வாங்க வந்தாள். வரிசை வாசல் வரை நின்றது. இவர் நோட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். அவள் ஓரமாகப் போய் நோட்டைத் திறந்தாள். மூடினாள். கொஞ்ச நேரம் குழாயடியில் நின்றாள். பிறகு போய்விட்டாள். இவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கூப்பிடவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. ஷிப்மென்ட்டாக இருக்கும் என்றார். அடுத்த ஞாயிறும் இல்லை. குழந்தைக்கு உடம்பு சரியில்லையோ என்றார். பரீட்சைப் பணம் முன்னாலேயே கட்டியிருந்ததால் ஹால் டிக்கெட் வந்துவிட்டது, போட்டோ ஒட்டி, முத்திரை குத்தி. அதை எடுத்துக்கொண்டு லைன் வீட்டுக்குப் போனோம். அங்கே பூட்டு. லைன் வீட்டுச் சொந்தக்காரர் பொங்கியண்ணன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் புள்ள காலி பண்ணிப் போயி இருவது நாளாச்சு சாமி" என்றார்.

"எங்க போறோம்னு சொன்னாங்களாங்க?" என்று கேட்டேன்.

"லைன் ஊட்டுல குடியிருக்கறவங்க எங்க சொல்லீட்டுப் போறாங்க கண்ணு? அந்தப் பையனுக்கு வேற பக்கம் வேலைன்னாங்க. புள்ள ஒண்ணும் பேசுல. எப்பவும் பேசாத புள்ளதான் அது."

அந்த வருஷப் பரீட்சை அன்றைக்கு வேப்ப மரத்தடியில் என் மடி காலியாக இருந்தது. பொய் சொல்வானேன், மற்ற பிள்ளைகள் மடியில் இருந்தன. ஆனாலும் அந்தக் கடிக்கிற பிள்ளை இல்லை.

அதன் பிறகு ஐந்து வருஷம். ஹால் டிக்கெட்டை இவர் மேஜை இழுப்பறையில் வைத்திருந்தார். அதில் ஒட்டியிருந்த போட்டோவைப் போகிற வருகிறவர்களிடம் காட்டுவார். ஆறு மாசத்துக்கு ஒருதரம் பணம் கட்டினவர்கள் பட்டியல் வரும்போது முதலில் அவள் பெயரைத் தேடுவார். சேர்ந்த நாளிலிருந்து எட்டு வருஷத்துக்குள் முடிக்காவிட்டால் எழுதின பேப்பர் எல்லாம் செல்லாது, பெயரை எடுத்துவிடுவார்கள். அது அந்தப் பல்கலைக்கழகத்தின் சட்டம். "ரெண்டாயிரத்து ஒன்பது மே மாசம்தான் கடைசி" என்று இவர் முணுமுணுப்பார், தூக்கத்தில்கூட. வேறொரு பெண்ணின் பெயரை ஒருவர் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தால் பெண்டாட்டிக்கு எப்படி இருக்கும்? "என்ற பொறந்த நாள் என்னிக்குன்னு கேட்டா முழிப்பீங்க, அவளோட கடைசித் தேதி மட்டும் மனப்பாடம்" என்று ஒருநாள் கத்திவிட்டேன். எனக்கும் அவள்மேல் கோபமா, வராமல் போனாளே என்ற ஏக்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஏன் போனாள் என்பதுதான் விளங்கவில்லை. புருஷன் தடுத்திருப்பான் என்றார். மாமியார் என்றார். கம்பெனி என்றார். எல்லார்மேலும் பழி போட்டார்.

இரண்டாயிரத்து எட்டு கடைசியில் நான் வேலைக்குப் போனேன். மகள் வளர்ந்துவிட்டாள். அதுவரை வீட்டில் உட்கார்ந்து பனியனில் பிசிர் நூல் வெட்டிக்கொண்டிருந்தவள் ஒரு கம்பெனியின் பேக்கிங்கில் சேர்ந்தேன். முதல் நாள் சித்ராதேவி என்கிற சூப்பர்வைசர் எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தாள்.

"அக்கா, மடிக்கறப்ப ஸ்டிக்கர் ஒட்டுன பீஸ் தப்பித் தவறி வந்துச்சுன்னா யோசிக்காதீங்க. அந்தக் கூடையில வீசிருங்க. அது ரிஜெக்ட். கிலோ கணக்குல போயிரும். மறுக்கா நம்ம கைக்கு வராது."

சரி என்று தலையாட்டிவிட்டு இரண்டு பனியன் மடித்தேன். மூன்றாவதை எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. சித்ராதேவி என்னக்கா என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

சாயங்காலம் இவர் வந்து டீ டம்ளரைக் கையில் எடுத்ததும் கேட்டேன். "ஏனுங்க, உங்க டேபிள்ள ஸ்டிக்கர் ஒட்டுன பீஸ் எங்க போகும்?"

"தைக்கிறவுககிட்ட. சரி பண்ணிக் குடுப்பாக."

"பேக்கிங்ல எங்க போகும்னு தெரியுமுங்களா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பதினாறு வருஷமாகக் கம்பெனியில் இருக்கிறவர், அவருக்குத் தெரியாதா? தெரியும். தன் மேஜையை விட்டு அடுத்த மேஜையில் நின்று பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"அவ பேக்கிங்" என்றார்.

"ஆமாங்க."

"நாப்பத்தி மூணு ஒட்டுனேன்."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு யாரும் சொல்லல. நா அவளுக்குச் சொல்லல. வட்டம் போட்டவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம், தமிழு?" அழுதார். அவர் அப்பா செத்தபோதுகூட அப்படி அழுது நான் பார்த்ததில்லை. மீதியிருந்த ஸ்டிக்கர் சுருளை அடுத்த ஞாயிறே மையத்திலிருந்து எடுத்துக்கொண்டு வந்து அடுப்பில் போட்டார். மறுபடியும் ஒவ்வொருவரையாக உட்கார வைத்து வாயால் சொல்ல ஆரம்பித்தார். வீட்டுக்கு வர இன்னும் நேரமானது. நான் குழம்பைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டேன்.

இனி அவளைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். மே மாசப் பரீட்சைக்குப் பணம் கட்ட, அபராதத்தோடு, பிப்ரவரி இருபத்து ஏழு கடைசி. அவள் கையெழுத்து இல்லாமல் நாங்களாகக் கட்டவும் முடியாது. இவர் சேவூர் வரை சைக்கிளில் போய்த் தேடினார். நான் கம்பெனியில் பார்க்கிறவர்களையெல்லாம் கேட்டேன். எங்கள் கம்பெனியிலேயே நதியா என்று நாலு பேர். நாலு பேரும் என்னைக் கண்டால் ஒளிந்துகொள்கிற அளவுக்குக் கேட்டுவிட்டேன். இருபத்து ஏழாம் தேதி வந்தது, போனது. அன்று சாயங்காலம் இவர் ஹால் டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே சாப்பிட்டார்.

மார்ச் முதல் வாரம் குண்டடம் பக்கமிருந்து எங்கள் கம்பெனிக்கு ஆள் ஏற்றிவர ஒரு வேன் விட்டார்கள். அதில் வந்த நஞ்சம்மாளிடம் வழக்கம்போலக் கேட்டேன். கேட்டுக் கேட்டு எனக்கே வெறுத்திருந்தது.

"பேரு தெரியாதுங்க. எங்க ஊருக் கோழிப்பண்ணையில தெக்கத்திக் குடும்பம் ஒண்ணு இருக்குதுங்க. அந்தப் புள்ள தீவனம் போட்டுட்டு வந்து உக்காந்தா நோட்டும் கையுந்தான்" என்றாள்.

எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. இவர் மேஜையை ஒருங்கிணைப்பாளரிடம் ஒப்படைத்துவிட்டு என்னோடு பஸ் ஏறினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பஸ் ஏறியது அதுதான் முதல்தரம். போகிற இடம் கோழிப்பண்ணை. என் ராசி அப்படி.

நீளமான இரண்டு கொட்டகை. ஓரத்தில் ஒரு அறை வீடு. வாசலில் ஏழு வயசுப் பெண் பிள்ளை கோலப்பொடியால் தரையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பார்த்ததும் என் விரலைத் தடவிக்கொண்டேன். நதியா தீவன வாளியோடு வந்தவள் எங்களைக் கண்டு அப்படியே நின்றாள். ரொம்ப இளைத்திருந்தாள்.

"சார்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "வாங்கக்கா" என்றாள். தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள்.

"எதுக்குத் தாயி வராமப் போன?" என்று இவர் கேட்டார். அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. குனிந்துகொண்டாள்.

"ஒரு பீஸ்ல ஒரு ஸ்டிக்கர் இருந்தாலே கூடைக்குப் போயிரும். எனக்கு நாப்பத்தி மூணு. இதுக்கு மேல எப்படி சார் உங்க முன்னால வந்து நிக்க?"

உள்ளே போய்ப் பெட்டிமேல் இருந்து ஒரு நோட்டை எடுத்து வந்தாள். பனியன் போடுகிற கவரில் போட்டு ஒட்டியிருந்தாள். வேலையில் மடிக்கிற மாதிரியே, ஒரு சுருக்கம் இல்லாமல். பிரித்து இவர் கையில் கொடுத்தாள்.

இவர் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வாளிமேல் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து பார்த்தார். ஒரு ஸ்டிக்கர்கூட இல்லை. ஸ்டிக்கர் இருந்த இடத்திலெல்லாம் தப்பை அடித்துவிட்டு, பக்கத்தில் சரியானது எழுதியிருந்தது. சில இடத்தில் தாளை வெட்டி ஒட்டிப் புதிதாக எழுதியிருந்தாள். பின்னட்டையின் உள்பக்கத்தில் எடுத்த ஸ்டிக்கர்களை வரிசையாக ஒட்டி வைத்திருந்தாள். எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. அது எத்தனை என்று மூன்று பேருக்கும் தெரியும்.

"எல்லாத்தையும் சரி பண்ணிட்டியே தாயி" என்றார் இவர். "அப்பவாச்சும் கொண்டாந்திருக்கலாமே?"

"கூடைக்குப் போன பீஸ யாரு சார் திருப்பி வாங்குவா?" என்றாள். "மனசு கேக்கல. அதான் எனக்காகச் சரி பண்ணுனேன்."

கொட்டகையில் கோழிகளின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அவள் நிமிர்ந்து இவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். இத்தனை வருஷமாக யாரிடமும் கேட்க முடியாமல் வைத்திருந்த கேள்வி போலிருக்கிறது.

"அன்னைக்கு இது பாஸா, ரிஜெக்ட்டா சார்?"

பொய் சொல்லித் தொலையுங்களேன் என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். ரிஜெக்ட்தான் என்று சொல்லிவிட்டால், வீணாக விட்டுப்போகவில்லை என்று அவளுக்காவது நிம்மதி. இவருக்குப் பொய் வராது. அதுதான் இவரிடம் இருக்கிற பெரிய குறை.

"பாஸ் தாயி. அந்த நாப்பத்தி மூணோட அப்படியே அனுப்பிருந்தாலும் பாஸ். நீ முதல் வகுப்புல வரணும்னுதான் நா ஒட்டுனேன். அத வாயால சொல்லல. தப்பு என்னோடது."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பின்னட்டையைத் தடவினாள். இவர் மீதியையும் சொன்னார், கடைசித் தேதி ஒன்பது நாளைக்கு முன்னால் முடிந்துபோனதை, எழுதின இரண்டு வருஷத்துப் பேப்பரும் இனிச் செல்லாது என்பதை. ஒன்பது நாள். எனக்கு அந்தக் கோழிப்பண்ணையைக் கொளுத்தலாம் போலிருந்தது. அந்த வேனை ஒரு பதினைந்து நாள் முன்னால் விட்டிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

"அப்ப மறுபடியும் மொத வருஷத்துல இருந்தா சார்?"

"ஆமா."

"மூணு வருஷம்."

"மூணு வருஷம்" என்றார் இவர். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவள் எழுந்து போய் வாசலில் இருந்த மகள் பக்கத்தில் நின்றாள். பிள்ளை போட்ட கணக்கில் ஏதோ ஒன்றைக் காலால் அழித்துக் காட்டினாள். பிள்ளை திருத்திப் போட்டது. பிறகு திரும்பி வந்தாள்.

"போட்டோ எத்தன சார் வேணும்?"

ஆயிரம் பேரிடம் இவர் கேட்ட கேள்வி. இவரை முந்திக்கொண்டு நான்தான் பதில் சொன்னேன்.

"ஆளுக்கு மூணு, கண்ணு."

"ஆளுக்கா?" என்றாள் நதியா.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். இவர் என்னை முறைக்கவில்லை. அடுத்த வருஷம் என்றும் சொல்லவில்லை. சட்டைப் பையில் கையை விட்டு, அந்தப் பழைய ஹால் டிக்கெட்டுக்குப் பின்னால் இருந்த பேனாவைத் தேடி எடுத்தார்.